சூடு ஆகாது

காலை ஏழு மணிக்கு நர்ஸ் எமெரி வார்டுக்குள் வந்தால் ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "சாப்பிட்டாச்சா?"

கிபோலோ ஆஸ்பத்திரியில் கட்டில் உண்டு, கொசுவலை உண்டு, மருந்து உண்டு. சாப்பாடு மட்டும் கிடையாது. நோயாளிக்கு ஆக்கிப் போடுவது கூட வந்தவர்கள் பாடு. வார்டுக்குப் பின்னால் மாமரங்களின் அடியில் மும்மூன்று கல்லாக இருபது அடுப்பு. விடிந்தால் அங்கே கண்ணைத் திறக்க முடியாத புகை. ஈர விறகைத் திட்டுகிறவள், அடுத்தவள் உப்பை எடுத்துவிட்டு எடுக்கவே இல்லை என்று சாதிக்கிறவள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறவள் எல்லாரும் அங்கேதான். செரஃபினும் தன் பானையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். கொதிக்கிற தண்ணீரில் மரவள்ளி மாவைக் கொட்டி லூக்குக் களி கிளறுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று கிங்குலு ஊரில் சொல்வார்கள். ஒரு கட்டி விழாது, துடுப்பில் ஒட்டாது. அப்படிக் கிளறினவள் அந்தப் பத்து நாளில் ஒரு வாய் களிகூடத் தன் புருஷனுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் என்ன செய்தாள் என்பதுதான் விஷயம்.

புருஷன் முங்காலா க்விலு ஆற்றில் வலை வீசிப் பிழைக்கிறவன். போன வறட்சிக் காலத்தில் ஒரு நாள் நல்ல வெயிலில், கையில் வலையைப் பிடித்தபடியே ஓடத்தில் தூங்கிப்போனான். ஓடம் தன்பாட்டுக்கு மிதந்து இரண்டு ஊர் தாண்டி நாணலில் போய்ச் செருகிக்கொண்டது. "மீன் பிடிக்கப் போனவனை மீன் இழுத்துட்டுப் போயிருச்சுடோய்!" என்று கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செரஃபினும் சிரித்தாள். அப்புறம் சாப்பிடும்போது வாயில் வைத்த கவளத்தோடு தூங்கினான். கோவிலில் பூசை நடக்கும்போது சட்டையைக் கழற்றி எறிந்தான். மூத்த மகளைக் கைநீட்டி அடித்தான். அதுவரை ஒரு சொல் கடிந்து பேசாதவன், அடித்துவிட்டு எதற்கு அடித்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவனுடைய தாய்மாமன் மயோயோ. அந்தப் பக்கத்தில் தகப்பன் வெறும் தகப்பன்தான். நல்லது கெட்டதுக்கு வாய் திறக்கிற உரிமை தாய்மாமனுக்கு. மயோயோ முதலில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். செபக்கூடத்துக்கு இழுத்துப்போய் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தூக்க நோய்த் திட்டத்தின் படகு வந்தது. ஊரையே வரிசையில் நிறுத்தி விரலில் குத்தி, கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்த்து, முங்காலாவின் முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுத்துப் பார்த்தார்கள். ஆற்றங்கரை ஈ கொடுத்த பூச்சி ரத்தத்தைத் தாண்டி மூளை வரைக்கும் போய்விட்டது என்றான் எமெரி. அவன் அந்தத் திட்டத்தின் நர்ஸ், பக்கத்து ஊர்ப் பையன், செரஃபினை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

தலைநகரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒடெத், ஏழு பக்கக் காகிதம் ஒன்றைக் கிங்குலு மாமரத்தடியில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சிலேயே வரி வரியாக வாசித்துக் காட்டினாள். மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மாத்திரை செய்திருக்கிறார்கள். நம் நாட்டுத் திட்டம் அதை நம் ஆறுகளில் சோதித்துப் பார்க்கிறது. பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் பழையபடி ஏழு நாள் பாட்டில் மருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

"ஏன் டாக்டரம்மா, செஞ்சவங்க ஊர்ல ஆள் இல்லையா? எங்ககிட்ட வந்து சோதிக்கறீங்க?" என்று கேட்டார் மயோயோ.

"அங்க ஆள் இருக்காங்க, இந்த வியாதி இல்லீங்க ஐயா. வியாதி நம்மது. நாம இல்லாம இந்த மருந்தைப் பாக்க முடியாது. அவங்க இல்லாம இதைச் செய்ய நம்மகிட்ட ஆலை கிடையாது. அதான் சேர்ந்து பண்றோம்."

"எலிக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தோம்."

"எலி தூங்காம இருக்கா?"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு முக்கியம். வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் இந்த மாத்திரையைப் போடணும். வெறும் வயித்துல போட்டா உடம்புல ஏறாது. போட்டும் போடாத மாதிரிதான்."

மயோயோ தலையை ஆட்டினார். சாட்சி என்று அவர் கட்டைவிரலைத்தான் காகிதத்தில் பதித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் அவர் செரஃபினைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே வியாதி வந்தது. அப்போதெல்லாம் ஆர்சனிக் ஊசி. நரம்பில் மிளகாயைக் கரைத்து ஏற்றினாற்போல எரியுமாம். அவரோடு வார்டில் படுத்த ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வரவில்லை. செரஃபினின் அப்பா அந்த மூன்றில் ஒருவர்.

"உங்க அப்பன் ஏன் போனான்னு தெரியுமா பொண்ணே? மூணாம் ஊசி போட்ட அன்னிக்கு மிளகாய் போட்ட சூட்டுக் கொழம்பு தின்னான். நான் திங்கல. ஆறு மாசம் சூடா ஒரு வாய் திங்கல. எண்ணெய், உப்பு, மிளகாய், புளிச்ச அப்பம் எதுவும் கிடையாது. வெயில் கிடையாது, துடுப்பு கிடையாது, பொண்டாட்டி பக்கம் தலைவெச்சுப் படுக்கல. நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன் மாமா. ஆனா டாக்டரம்மா வயிறு நிறையன்னு சொன்னாங்களே?"

"வயிறு நிறையன்னுதானே சொன்னா? சூடான்னு சொன்னாளா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சூடாக என்று டாக்டர் சொல்லவில்லை. அது நிஜம்தான்.

"தூக்க நோய் மருந்து உடம்புல இருக்கறப்ப சூடு ஆகாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாத்திரை புதுசு, வியாதி பழசுதானே?"

மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் செரஃபின் மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து வைத்தாள். முங்காலா இரண்டு மடக்கு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எமெரி வந்து கோப்பையைப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தான். "என்னக்கா இது, கோழிக்கு வெச்சதா? லூக்கு கிளறுங்க. கீரை, மீனு, நல்லா எண்ணெய் விட்டுக் குடுங்க."

மறுநாள் லூக்கு கிளறி ஆறவைத்தாள். ஆறின லூக்கை யாரால் தின்ன முடியும்? கல்லாக இறுகிப்போகும். முங்காலா அதைத் தூக்கிச் சுவரில் அடித்தான். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. கூட வந்திருந்த மாமாதான் வழி சொன்னார்.

"சூடா செஞ்சு கொண்டாந்து வை. நர்ஸு பாக்கட்டும். பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதும் எடுத்துட்டுப் போயி நீ தின்னுரு. கேட்டா, சாப்பிட்டாருன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"உசிரைக் காப்பாத்தறதுக்குச் சொல்றது பொய்யா? நேத்துப் பொறந்த பயலுக்கு என்ன தெரியும். எத்தனை பொணம் பாத்திருப்பான் அவன்?"

அப்படித்தான் செய்தாள். மாத்திரை போட்ட பத்து நாள் காலையிலும் மரவள்ளிக் கீரையை இடித்துச் செம்பனை எண்ணெய் விட்டு வதக்கி, புகைமீனைப் பிய்த்துப் போட்டு, ஆவி பறக்கிற லூக்கோடு தட்டைக் கட்டில் ஓரம் கொண்டுபோய் வைத்தாள். எமெரிக்கு இருபத்திரண்டு நோயாளிகள். தட்டைப் பார்ப்பான், "பலே அக்கா" என்பான், நகர்ந்துவிடுவான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்க்க உட்கார்ந்து தானே தின்பாள். முங்காலாவுக்குப் பாதி வாழைப்பழம், இரண்டு மடக்கு மாவுத்தண்ணீர். திரும்பி வரும் எமெரி, காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்பான். "சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாரு."

எமெரி எழுதிக்கொள்வான். பிறகு மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில்கூடப் பார்ப்பான். மாத்திரை விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. ஒருநாள் முங்காலா, தட்டு போகிற திசையைப் பார்த்துவிட்டு, "செரஃபின், அது என்னோடது இல்லையா?" என்று கேட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் புத்தியோடு பேசின முதல் பேச்சு அது. "உங்களுக்கு ஆகாதுங்க," என்றாள். அவன் சரி என்று படுத்துக்கொண்டான்.

பத்து நாளில் அவள் கன்னம் உப்பியிருந்தது. ஊர் திரும்பினபோது பெண்கள் கேலி செய்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனது நோயாளியா, நீயாடி?"

நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. கொஞ்சம் மருந்து உடம்பில் ஏறியிருக்கத்தான் வேண்டும். முங்காலா பகலில் விழித்திருந்தான். மகள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டான். மயோயோ மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "மாத்திரை பாதி, பத்தியம் பாதி." செரஃபினும் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

மழை பிடித்த பிறகு ஒரு நாள் ஓடையிலிருந்து ஊறப்போட்ட கிழங்குக் கூடையைச் சுமந்துகொண்டு வந்தவள், வாசலில் அவன் வலை ஊசியைக் கையில் பிடித்தபடி தலை தொங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை. "என்னங்க," என்றாள். "என்னங்க. என்னங்க." அவன் எச்சில் ஒழுகி வலையில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் அவனை உள்ளே இழுத்துப்போய்ப் படுக்கவைத்தாள். உழைத்த களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். ஒரு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் மாதச் சோதனைக்கு எமெரி வந்தான். முதுகு நீரைக் கண்ணாடிச் சில்லில் விட்டுக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே செரஃபினுக்குத் தெரிந்துவிட்டது.

"திரும்பிருச்சுக்கா. நிறைய இருக்கு."

"மாத்திரை குடு தம்பி. இன்னும் பத்து நாள் குடு."

"மாத்திரை தோத்தா அடுத்தது பாட்டில் மருந்துதான். சட்டம் அப்படி. பயப்படாதீங்க, அதுல பொழச்சுருவாரு. இப்பவே கொண்டுபோயிருவோம்."

கொண்டுபோனார்கள். பாட்டில் மருந்து அங்கே இல்லை. பெட்டி மாகாணத்துக் கிடங்கில். கிடங்கில் இருந்த பெட்டியை முந்தின வாரம்தான் வேறொரு ஆற்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த பெட்டி தலைநகரத்தில். அதுவும் கடல் தாண்டி வந்து, விமானநிலையத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எமெரி தினம் சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி டாக்டர் ஒடெத்திடம் பேசிவிட்டு இறங்கி வருவான். செரஃபின் மேட்டின் அடியில் நிற்பாள்.

"என்ன சொன்னாங்க?"

"கையெழுத்து ஆயிருச்சாம். லாரில ஏத்திட்டாங்களாம்."

மறுநாள்: "பாலம் உடைஞ்சிருச்சாம். சுத்திப் போவுதாம்."

அதற்கு மறுநாள்: "டாக்டரு தானே மோட்டார் சைக்கிள்ல பெட்டியக் கட்டிட்டுக் கிளம்பிட்டாங்களாம்."

"நாப்பது கிலோப் பெட்டியவா?"

"ஆமாக்கா."

இந்த முறை செரஃபின் எல்லாவற்றையும் ஊட்டிப் பார்த்தாள். சூடாக, எண்ணெய் விட்டு, உப்புப் போட்டு. மாமா தடுக்கவில்லை. கவளம் முங்காலாவின் வாயில் அப்படியே இருந்தது. விழுங்க அவனுக்கு மறந்துபோயிருந்தது. விரலை விட்டு அவளே திரும்ப எடுத்தாள். பத்தொன்பதாம் நாள், தலை முதல் கால் வரை சேறு அப்பிய டாக்டர் பெட்டியோடு வந்து இறங்கினாள். குளிக்கக்கூட இல்லை, கையை மட்டும் கழுவிக்கொண்டு ஊசி குத்தினாள். இரண்டாம் நாள் நான்காவது பாட்டில் பாதி இறங்கியிருக்கும்போது முங்காலாவின் மூச்சு நின்றது. மிச்சப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி மூடினார்கள்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம். செரஃபின் தலையை மழித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒடெத்தும் எமெரியும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் படகில் வந்து இறங்கினார்கள். மயோயோ நாற்காலி எடுத்துப் போட்டார். டாக்டர் நாற்காலியில் உட்காராமல் பாயிலேயே உட்கார்ந்து செரஃபினின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எல்லாரும் அழுதார்கள். வெள்ளைக்காரப் பெண் வேர்வை வழிய, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு டாக்டர் சொன்னாள். "இந்தம்மா எல்லா ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சரிபார்க்கிறவங்க. மாத்திரை தோத்த வீட்டுக்கு நாங்க நேர்ல வந்து கேக்கணும். தப்பு கண்டுபிடிக்க வரல. என்ன நடந்துதுன்னு தெரியணும். அவ்வளவுதான்."

"என்ன நடந்துது, செத்துட்டான்," என்றார் மயோயோ.

"வாந்தி எடுத்தாரா? மாத்திரையத் துப்பினாரா?"

"இல்ல," என்றாள் செரஃபின்.

"பத்து நாளும் சாப்பிட்டாருன்னு இருக்கு." டாக்டர் காகிதத்தை விரித்தாள். பத்துக் கட்டம். பத்திலும் எமெரியின் கையெழுத்தில் 'ஆம்'.

"சாப்பிட்டான்," என்றார் மயோயோ அவசரமாக. "நானே பாத்தேன்."

வெள்ளைக்காரப் பெண் ஏதோ சொன்னாள். டாக்டர் அவளுக்குப் பதில் சொன்னாள். இருவரும் கொஞ்சம் சூடாகவே பேசிக்கொண்டார்கள். "என்ன சொல்றாங்க?" என்று செரஃபின் எமெரியைக் கேட்டாள்.

எமெரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "எல்லாம் ஒழுங்கா குடுத்தும் திரும்பிருச்சுன்னா, மூளைக்குப் போன வியாதிக்கு இந்த மாத்திரை ஆகாதுன்னு எழுதவேண்டி வரும்ங்கறாங்க. இன்னும் ரெண்டு ஊர்லயும் இப்படி ஆகியிருக்காம். டாக்டரு கொஞ்சம் பொறுங்கங்கறாங்க."

"எழுதினா?"

"மூளைக்குப் போனவங்களுக்குப் பாட்டில்தான். பெட்டி வர்றவரைக்கும் காத்திருக்கணும். அண்ணன் காத்திருந்த மாதிரி."

செரஃபின் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சாப்பிடல."

"ஏ பொண்ணே!"

"ஒரு நாளும் சாப்பிடல டாக்டரம்மா. நான் தின்னேன். லூக்கு, கீரை, மீனு, எல்லாம் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து நான் தின்னேன். அவரு கேட்டாரு. அது என்னோடது இல்லையான்னு என்னைக் கேட்டாரு. நான் ஆகாதுன்னுட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தம்பி கேட்டப்பல்லாம் சாப்பிட்டாரு சாப்பிட்டாருன்னேன். அவரு மருந்தை நான் தின்னுட்டேன்."

எமெரி தான் எழுதின பத்துக் கட்டத்தையும் பார்த்தான். "அக்கா..." என்றான்.

"ஏன்?" என்றாள் டாக்டர்.

"சூடு ஆகாதுன்னு..." செரஃபின் மாமாவைப் பார்க்கவில்லை.

மயோயோ எழுந்துவிட்டார். கைத்தடியைத் தரையில் ஊன்றி நின்றார். "நான்தான் சொன்னேன். அவளை ஏன் பாக்கறீங்க, என்னைப் பாருங்க. நான் சொன்னேன். எனக்கு யாரு சொன்னா? எங்க பாட்டன் பூட்டன் சொன்னதுன்னு நெனச்சீங்களா? உங்க ஆளுங்க சொன்னாங்க! நீல வண்டில வந்தாங்க. தொப்பி போட்ட நர்ஸு வரிசைல நிக்கவெச்சு, சூடு ஆகாது, எண்ணெய் ஆகாது, வெயில் ஆகாது, திருப்பிச் சொல்லுன்னான். தப்பாச் சொன்னவனைக் கன்னத்துல அறைஞ்சான். இதே திட்டம், இதே முத்திரை." காகிதத்தின் மேல் இருந்த வட்ட முத்திரையை விரலால் குத்திக் காட்டினார். "அன்னிக்கு ஆகாதுன்னதும் நீங்க. இன்னிக்கு ஆகும்ங்கறதும் நீங்க."

டாக்டர் ஒடெத் குனிந்து அந்த முத்திரையைப் பார்த்தாள்.

"நாங்கதான் சொன்னோம்," என்றாள். "அந்த ஊசி ஆளைக் கொன்னுது. யாரைக் கொல்லும், யாரை விடும்னு எங்க பெரியவங்களுக்குத் தெரியல. தெரியாதவங்க கண்டதையெல்லாம் தடுத்தாங்க."

"அப்ப அது வேண்டாம்னு ஆனப்ப, எடுத்துட்டோம்னு ஒருத்தராவது வந்து சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஊசியை எடுத்துட்டுப் போனீங்க. பேச்சை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்களே!" கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் அக்கா மகன்... என் கையால..."

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு காகிதத்தை எமெரி பக்கம் நகர்த்தினாள். எமெரி பேனாவை எடுத்தான்.

"அதைக் கிழிச்சுப் போட்டுரு தம்பி," என்றாள் செரஃபின். "என் பொய் அதுல இருக்க வேண்டாம்."

"கிழிக்கக் கூடாதுக்கா. அழிக்கவும் கூடாது. ஒரே கோடு. முன்ன என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல தேதி, கையெழுத்து, காரணம். எங்க முறை அப்படி."

அவன் ஒவ்வொரு 'ஆம்' மேலும் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'இல்லை' எழுதினான். பத்து முறை. கடைசியில் சில எழுத்துகள் கோணலாகப் போயின. கோட்டுக்கு அடியில் பத்து 'ஆம்'மும் அப்படியே தெரிந்தன.

"இப்ப அவரு பேரு மாறிருமா டாக்டரம்மா? மாத்திரை தோக்கலன்னு ஆயிருமா?"

"இல்லம்மா. தோத்த பக்கத்துலதான் அவர் பேரு இருக்கும். வீட்டு ஆளுங்க என்ன குடுக்கறாங்கங்கறதும் சேர்ந்துதான் மருந்து. ஆனா ஏன்னு பக்கத்துல எழுதுவோம். அந்த ரெண்டு ஊருக்கும் போயி, சாப்பிட்டாரான்னு கேக்காம, சூடா குடுத்தீங்களான்னு கேப்போம். கட்டம் போட்டவங்க யாருக்கும் அதைக் கேக்கத் தோணல. எனக்கும் தோணல. நான் இந்த ஆத்துல பொறந்தவ."

"ஆஸ்பத்திரிலயே ஆக்கிப் போட்டா என்ன?" என்றாள் செரஃபின்.

டாக்டர் சிரித்தாள், அழுகையைவிட மோசமாக. "கூட்டத்துல கேட்டேன். மாத்திரை செய்ய ஆள் இருக்கு, ஏத்தி அனுப்ப ஆள் இருக்கு, ரத்தம் பாக்க ஆள் இருக்கு. களி கிளற ஆள் இல்ல. அது நோயாளி வீட்டு வேலைன்னுட்டாங்க. மறுபடி கேக்கறேன்."

படகு ஏறும் முன் வீட்டில் மிச்சமிருந்த எல்லார் விரலிலும் குத்தினான் எமெரி. மகள்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. செரஃபின், கிழங்கு ஊறப்போடும் ஓடையில் நாள் முழுக்க நிற்கிறவள், கையை நீட்டினாள். ஊர் வரிசையில் நின்றபோது அவள் அடுப்பைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டவள். எமெரி குனிந்து பார்த்தான். இந்த முறை அவன் நிமிர்வதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆரம்பம்தான்க்கா. ரத்தத்துலதான் இருக்கும்னு தோணுது. பத்து நாள் மாத்திரை போதும்."

"வேண்டாம்," என்றாள் அவள். "எனக்கு வேண்டாம் தம்பி. நான் ஏற்கெனவே தின்னாச்சு."

மகள்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். அவர்கள் அலறலுக்காகத்தான் படகில் ஏறினாள்.

அதே வார்டு. முதல் நாள் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. கூட வந்த தங்கை கிளறிக் கொடுத்த லூக்கை வாயில் வைத்ததும் தண்ணீர்த் தொட்டியின் வாசம் வந்தது. குமட்டிக்கொண்டு ஓடினாள். எமெரி காகிதத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனான். இரண்டாம் நாளும் அப்படியே.

"அக்கா, நாளைக்கும் சாப்பிடலேன்னா பேரை எடுத்துருவாங்க. பாட்டிலுக்கு எழுதவேண்டி வரும். அந்தப் பெட்டி..."

"தெரியும்."

"அப்பறம் என்னக்கா?"

"வாயில வெச்சா அவரு கேக்கறாரு தம்பி. அது என்னோடது இல்லையான்னு."

எமெரி மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டான். அடுத்த கட்டிலுக்குப் போனான்.

மூன்றாம் நாள் விடிந்தபோது பின்கட்டில் ஒரே சிரிப்பு. ஜன்னல் வழியாகப் பெண்கள் கத்துவது கேட்டது. "ஐயோ மாவை ஒரேயடியாக் கொட்டாதீங்க!" "துடுப்பை அப்படியா பிடிப்பாங்க, இது என்ன ஓடமா?" "யாராவது வாங்கிக் கிளறுங்கடி, பானை உடையப்போவுது!" ஒரு ஆண்குரல் அவர்களை அதட்டியது. "போங்கடி. யாரும் தொடக் கூடாது. நான்தான் கிளறணும்."

கொஞ்ச நேரத்தில் மயோயோ தட்டோடு வார்டுக்குள் வந்தார். அந்தப் பக்கத்தில் லூக்குத் துடுப்பைத் தொட்ட ஆம்பளையை எவரும் பார்த்ததில்லை. சட்டை முழுக்க மாவு. புறங்கையில் சுட்டுக்கொண்ட சிவப்பு. இரண்டு நாள் நடந்தும் ஓடத்திலும் வந்திருந்தார். தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். லூக்கில் ஆவி பறந்தது. எண்ணெய் மிதந்தது. மிளகாய் கூட இருந்தது.

"தின்னு," என்றார்.

அவள் தட்டைத் தொடவில்லை.

"நீ அவனோடதைத் தின்னதா நெனச்சுட்டு இருக்கே. இல்ல. நான் உன்னைத் திங்க வெச்சேன். அது என் பங்கு, நான் சுமந்துக்கறேன். இது உன்னோடது. நான் கிளறினது. எனக்காகத் தின்ன வேண்டாம். அந்தப் பொண்ணுங்க ரெண்டும் நம்மூர்ப் படகுத்துறையிலயே உக்காந்திருக்கு, வீட்டுக்கு வரமாட்டேங்குது. தின்னு தாயி."

அவர் அவளைத் தாயி என்று அதுவரை அழைத்ததில்லை. செரஃபின் ஒரு கவளம் உருட்டினாள். உள்ளே வேகாத மாவு வெள்ளையாகத் தெரிந்தது. வாயில் வைத்தாள். கண்ணீர் வாய்க்குள் வழிந்தது. மென்றாள். குமட்டியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

"உப்பு இருக்கா?" என்று கேட்டார் கிழவர்.

"கூட இருக்கு மாமா. கட்டி கட்டியா இருக்கு."

"இருக்கட்டும்."

ஏழு மணிக்கு எமெரி காகிதத்தோடு வந்து நின்றான். தட்டைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினான். பிறகு, வேலை அது, கேட்டான்.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள் செரஃபின். "பாதி இருக்கு. எங்கயும் போயிராத, நின்னு பாரு."

அவன் நின்றான். அவள் கட்டி கட்டியாக எடுத்து, அழுதுகொண்டே, ஒவ்வொன்றையும் விழுங்கினாள். கடைசியில் தட்டை விரலால் வழித்து, அவன் பார்க்கும்படி கவிழ்த்துக் காட்டினாள். பிறகு எண்ணெய்க் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"இப்ப எழுது," என்றாள். "எழுதிட்டுக் குடு."